யாருக்கு வேலை, யாருக்குப் பலன்?
வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றிய நான்கு எழுத்துகள்: ஒரு தமிழாசிரியரின் வாசிப்பு



பள்ளியில் ஒரு புதிய செயலி அறிமுகமானால் முதல் மாதக் கூட்டத்தில் என்ன கேட்பார்கள்? “இதுவரைக்கும் எத்தனை பேர் உள்ளே போயிருக்கீங்க?” இரண்டாம் மாதமும் அதே கேள்விதான். மூன்றாம் மாதம் ஒரு பட்டியல் வரும். உள்நுழையாதவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஓர் ஆண்டு போனால் அந்தச் செயலியின் பெயரே பலருக்கு நினைவில் இருக்காது. கடவுச்சொல் எழுதிய துண்டுக் காகிதம் மட்டும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழுப்பேறிக் கிடக்கும்.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? “ஆசிரியர்கள் மாற மாட்டேன் என்கிறார்கள்” என்பது வழக்கமான பதில். முதுநிலைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தபோது இதைவிட நல்ல பதிலைத் தேடி வாசித்தேன். கிடைத்தது, ஆனால் எல்லோரும் கையில் எடுக்கும் நூல்களில் அது இல்லை.

உங்களில் பலர் பட்டயத்துக்கோ முதுகலைக்கோ படித்துக்கொண்டிருப்பீர்கள். தொழில்நுட்பத் தலைப்பை ஆய்வுக்கு எடுத்தால் எவரெட் ரோஜர்ஸ், ஃபிரெட் டேவிஸ் என்ற இரு பெயர்களைத் தொடாமல் தப்ப முடியாது. அவர்களோடு லேரி கியூபன், ஜோனதன் குருடின் ஆகிய இருவரையும் சேர்த்து வாசியுங்கள் என்று சொல்லத்தான் இக்கட்டுரை. முதல் இருவரை மட்டும் வாசித்தால் ‘யார் பயன்படுத்துகிறார், யார் பயன்படுத்தவில்லை’ என்று எண்ணிக்கொண்டே இருப்போம். கியூபனும் குருடினும் ‘யாருக்கு வேலை கூடுகிறது, பலன் யாருக்குப் போகிறது’ என்று கேட்க வைக்கிறார்கள். நம் தமிழ் வகுப்பறைக்கு வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் முடிவு.

சமூகக் கணிமை என்றால்?

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவர் தனியாக உட்கார்ந்து கணினியில் மதிப்பெண் கூட்டினால் அது வெறும் கணிமை. பலர் ஒருவரோடு ஒருவர் பேச, பகிர, திருத்த, பதில் சொல்லக் கணினி இடையில் நின்றால் அது சமூகக் கணிமை. புலனக் குழு, கூகுள் வகுப்பறை, பலர் சேர்ந்து எழுதும் இயங்கலை ஆவணம் எல்லாம் இந்த வகைதான்.

இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கணிப்பானை நான் ஒருத்தி பயன்படுத்தினாலே எனக்கு முழுப் பலன். புலனக் குழுவில் நான் ஒருத்தி மட்டும் இருந்தால் யாரோடு பேசுவது? மற்றவர்களும் வர வேண்டும். வந்து, தங்கள் பங்கு வேலையைச் செய்ய வேண்டும். அதனால் இத்தகைய கருவியைத் தனித்தனி ஆசிரியர்களாகத் தலை எண்ணி அளப்பது அடிப்படையிலேயே கோணல்.

ரோஜர்ஸ்: ‘பின்தங்கியவர்’ யார்?

புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று ரோஜர்ஸ் எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. அதிலுள்ள மணி வடிவ வளைகோட்டை நீங்கள் ஏதாவது ஒரு பயிற்சியின் படவில்லையில் பார்த்திருப்பீர்கள். புதுமையைத் தொடங்குவோர் 2.5 விழுக்காடு, முன்னதாக ஏற்போர் 13.5 விழுக்காடு, அடுத்து வரும் இரண்டு பெரும்பான்மைக் கூட்டத்தினர் தலா 34 விழுக்காடு, கடைசியில் ‘பின்தங்கியோர்’ 16 விழுக்காடு. பயிற்சியாளர் அந்தக் கடைசி 16 விழுக்காட்டைச் சுட்டிக்காட்டும்போது அறையில் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இந்தத் துறைக்கு அடித்தளமான ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? அமெரிக்காவின் அயோவா மாநில உழவர்கள் கலப்பின மக்காச்சோள விதையை எப்படி ஏற்றார்கள் என்பதைப் பற்றியது. 1943இல் வெளிவந்தது. அந்த உழவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நிலம் அவருடையது, விதை வாங்கும் செலவு அவருடையது, விளைச்சலும் அவருடையது. வேலை செய்பவரும் பலன் பெறுபவரும் ஒரே ஆள். அவர் தயங்கினால் ‘ஏன் தயங்குகிறார்’ என்று கேட்பதில் நியாயம் உண்டு.

பள்ளியில் அப்படியா? கேள்விகளைத் தட்டச்சு செய்து ஏற்றுபவர் ஆசிரியர். எண்ணிக்கையை அறிக்கையில் காட்டுபவர் வேறொருவர். மாணவருக்கு என்ன கிடைத்தது என்பது பல நேரம் யாருக்கும் தெரியாது. இந்த இடத்தில் மக்காச்சோளக் கணக்கைப் போட்டால், தயங்கும் ஆசிரியர் எல்லாம் ‘பின்தங்கியவர்’ ஆகிவிடுவார்.

ரோஜர்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. தம் துறைக்கு இரண்டு சாய்வுகள் உண்டு என்று பிந்தைய பதிப்புகளில் அவரே ஒத்துக்கொள்கிறார். புதுமை என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்வது ஒன்று. ஏற்காதவர் மீதே பழியைப் போட்டு, அமைப்பின் குறையைக் காணாமல் விடுவது மற்றொன்று. படவில்லைகளில் வளைகோடு வருகிறது. இந்த எச்சரிக்கை வருவதில்லை. ஆய்வேட்டில் ரோஜர்ஸை எடுத்தாள்பவர்கள் அந்தப் பக்கங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டுகிறேன். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு: சிறிய அளவில் செய்து பார்த்து, சரிவராவிட்டால் விட்டுவிடக்கூடிய புதுமைதான் எளிதாகப் பரவும் என்பது. நமக்கு வரும் கருவிகளில் எத்தனைக்கு அந்த வசதி இருந்தது?

டேவிஸ்: ‘எளிமை’ எந்த மொழியில்?

டேவிஸின் ‘தொழில்நுட்ப ஏற்பு மாதிரி’ 1989இல் வந்தது. ஒருவர் ஒரு கருவியை ஏற்பதற்கு இரண்டு காரணங்கள் என்பார் அவர்: ‘இது எனக்குப் பயன்படும்’ என்ற எண்ணம், ‘இது எளிதாக இருக்கும்’ என்ற எண்ணம். ஐந்து புள்ளி அளவுகோலில் வினாநிரல் தயாரிக்க வசதியான மாதிரி. பட்டயப் படிப்பில் பலர் இதைத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் அந்த வசதிதான் என்று எனக்கு ஐயம்.

அந்த மாதிரி யாரிடம் சோதிக்கப்பட்டது? ஐபிஎம் நிறுவனத்தின் கனடா ஊழியர்களிடமும், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படித்தவர்களிடமும். கருவி அவர்கள் பணிபுரியும் மொழியிலேயே இருந்தது. விசைப்பலகையைத் தொட்டால் அவர்கள் எழுத்து வந்தது.

நம் நிலை வேறு. ஆங்கில ஆசிரியரும் மலாய் ஆசிரியரும் கணினியைத் திறந்ததும் எழுதத் தொடங்கலாம். நாம் முதலில் விசைமுகத்தை நிறுவ வேண்டும். தமிழ்99 தெரியுமா, அஞ்சல் முறை தெரியுமா என்று பார்க்க வேண்டும். பழைய எழுத்துருவில் உள்ள வினாத்தாளை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். ஏற்றிய பிறகு கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்து கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். “சார், எனக்கு கட்டம் கட்டமா தெரியுது” என்ற குரல் எந்த வகுப்பில் கேட்டிருக்காது? வினாநிரலில் ‘எளிமை’ என்ற கட்டத்துக்குள் இந்த வேலை எதுவுமே தெரியாது. ஆசிரியர் 2 என்று வட்டமிட்டால், அவருக்கு ‘மனப்பாங்கு’ சரியில்லை என்று முடிவு எழுதப்படும்.

இந்த வட்டாரத்தின் கதை ஒன்றும் இங்கே பொருந்தும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலிருந்தே முரசு மென்பொருளை வளர்த்து வந்தார்; பிறகு கைப்பேசிக்குச் செல்லினம் தந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். இன்று ஒரு மாணவர் திறன்பேசியில் ‘அம்மா’ என்று தட்டுவது எளிது என்றால், அந்த எளிமைக்குப் பின்னால் இவர்களைப் போன்றவர்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. எளிமை என்பது பயனரின் மனத்தில் தானாகத் தோன்றுவதில்லை. யாரோ முன்கூட்டியே செய்து வைத்த வேலை அது. டேவிஸின் மாதிரி விட்டுவிடும் செய்தி இதுவே.

நம் நாட்டுக் கதை

மேலே சொன்னவற்றை மலேசிய அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்போம். 1999இல் செகோலா பெஸ்தாரி முன்னோடித் திட்டம் தொடங்கியது. அதற்கான பாட மென்பொருள் நான்கு பாடங்களுக்கே உருவாக்கப்பட்டது: மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம். 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தபோது மடிக்கணினிகள் அந்தப் பாட ஆசிரியர்களுக்குக் கிடைத்தன. இரண்டு அலைகளிலும் தமிழாசிரியர் கரையில் நின்று பார்த்தவர்.

2011இல் ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் வந்தது. ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பும், ஃபுரோக் விஎல்இ என்ற மெய்நிகர் கற்றல் தளமும். இம்முறை எல்லாப் பாடங்களும் உள்ளே வந்தன. ஆனால் தளத்தின் பயன்பாடு குறைவாக இருப்பதை 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019 ஜூன் இறுதியோடு அத்தளம் முடிவுக்கு வந்து, ஜூலையில் கூகுள் வகுப்பறை அந்த இடத்தைப் பிடித்தது. 2020 ஜூனில் டெலிமா தளம் தொடங்கப்பட்டது.

அதற்குள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தன. அப்போது கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. கருவி வைத்திருந்தவர்களிலும் பெரும்பாலோரிடம் இருந்தது திறன்பேசிதான். அதுவும் அப்பா வேலைக்குப் போனால் கூடவே போய்விடும் திறன்பேசி.

இருபது ஆண்டுகளில் இத்தனை மாற்றம். ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்ட கேள்வி மட்டும் மாறவில்லை: எத்தனை பேர் உள்நுழைந்தார்கள்?

கியூபன்: கால அட்டவணையைப் பாருங்கள்

லேரி கியூபன் உயர்நிலைப்பள்ளி ஆசிரியராக இருந்து பேராசிரியரானவர். ‘ஓவர்சோல்ட் அண்ட் அண்டர்யூஸ்ட்’ என்ற அவருடைய நூல் 2001இல் வந்தது. ‘அளவுக்கு மீறி விற்கப்பட்டு, குறைவாகப் பயன்படுத்தப்பட்டவை’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கணினித் தொழிலின் தலைநகரமான சிலிக்கன் பள்ளத்தாக்குப் பள்ளிகளுக்கே போய்ப் பார்த்தார். அங்கே கருவிக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர்கள் கணினிக்கு அஞ்சுபவர்களும் இல்லை. வீட்டில் பாடம் தயாரிக்கவும் தேர்வுத்தாள் அடிக்கவும் நன்றாகவே பயன்படுத்தினார்கள். ஆனால் வகுப்புக்குள் கணினி அவ்வளவாக நுழையவில்லை; நுழைந்த இடத்திலும் பழைய கற்பித்தல் முறையே தொடர்ந்தது.

ஏன்? ஆசிரியரின் மனத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பள்ளியின் அமைப்பைப் பாருங்கள் என்கிறார் கியூபன். துண்டு துண்டான பாட வேளைகள், நாளுக்குப் பல வகுப்புகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், தலைக்கு மேல் தேர்வு, பழுதானால் உதவிக்கு ஆளில்லை. இதையெல்லாம் கணக்கில் எடுத்தால் ஆசிரியரின் தயக்கம் பிடிவாதம் போலத் தெரியாது, அறிவுடைமையாகவே தெரியும்.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லித் தருபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும். வகுப்பு கிடைத்தாலும் பல பள்ளிகளில் அது வழக்கமான கால அட்டவணைக்கு வெளியே, பள்ளி முடிந்த பிறகுதான் நடக்கிறது. அந்த நேரத்தில் கணினி அறை பூட்டியிருக்கும். பள்ளிப் பேருந்து கிளம்பிவிடும் என்று பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடத்தை “டீச்சர், லைன் இல்ல” என்ற பேச்சு தின்றுவிட்டால் இலக்கணம் போய்விடும். இந்நிலையில் ஓர் ஆசிரியர் வெண்பலகையையும் அச்சிட்ட தாளையும் நம்பினால் அவரை எந்த வளைகோட்டில் எங்கே வைப்பது?

கியூபனிடமும் ஒரு குறை உண்டு. பள்ளி அமைப்பு இறுகிப் போனது என்று காட்டுவதில் வல்லவர்; ஆனால் அதே அமைப்புக்குள் சில கருவிகள் மட்டும் எப்படி யாரும் சொல்லாமலே பிழைத்துக்கொள்கின்றன என்பதை அவரைக் கொண்டு விளக்க முடியாது. புலனக் குழுவுக்கு யாரும் பயிற்சிப் பட்டறை நடத்தவில்லை. ஆனாலும் எல்லா வகுப்பிலும் இருக்கிறது. இதற்கு நான் குருடினிடம் போனேன்.

குருடின்: இருவேறு ஆட்கள்

ஜோனதன் குருடின் 1988இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை அலுவலகங்களைப் பற்றியது. கூட்டு வேலைக்காக உருவாக்கப்பட்ட மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று கேட்டார். அவர் காட்டும் சான்று தானியங்கிக் கூட்ட ஒழுங்கமைப்பு. எல்லோரும் தங்கள் நாட்காட்டியைக் கணினியில் குறித்து வைத்தால், எப்போது கூட்டம் போடலாம் என்று மென்பொருளே சொல்லிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் பலன் கூட்டத்தைக் கூட்டும் மேலாளருக்கு. நாட்காட்டியை நாள்தோறும் குறித்து வைக்கும் கூடுதல் வேலை மற்ற எல்லோருக்கும். அதனால் யாரும் குறிக்கவில்லை, கருவி செத்தது.

இதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு எளியது. வேலை ஒருவர் தலையிலும் பலன் வேறொருவர் கையிலும் போனால் அந்தக் கருவி நிலைக்காது. இன்னொன்றும் சொல்கிறார்: கருவியை வாங்க முடிவெடுப்பவர் பெரும்பாலும் பலன் பெறும் பக்கத்தில் இருப்பவர், தம் பலன் கண்ணுக்குத் தெரிகிறது, பிறர் வேலை தெரிவதில்லை. நம் பள்ளிகளுக்கு வந்து போன தளங்களை நினைத்துக்கொண்டு இந்த வரியை வாசியுங்கள்.

குரல் செய்தியைப் பற்றியும் குருடின் அன்றே எழுதியிருக்கிறார். பேசுபவருக்கு எளிது, தட்டச்சு மிச்சம். கேட்பவருக்குத்தான் பாடு, எழுத்தைப் போல் கண்ணோட்டமாகப் பார்த்துத் தாண்ட முடியாது, முழுவதும் கேட்டாக வேண்டும்.

மூன்று கருவிகளை நிறுத்துப் பார்ப்போம்

முதலாவது, கற்றல் தளத்தில் புதிர்ப் போட்டி ஏற்றுவது. இருபது கேள்வி, எண்பது விடைத் தெரிவு, எல்லாம் தமிழில் தட்டச்சு. ஆசிரியருக்கு இரண்டு இரவு வேலை. மாணவர் ஐந்து நிமிடத்தில் சொடுக்கி முடிப்பார். அந்தக் கேள்விகளை மூன்று ஆண்டு மீண்டும் பயன்படுத்த முடிந்தால் வேலைக்குப் பலன் உண்டு. தளமே அடுத்த ஆண்டு மாறிவிடும் என்றால் இல்லை.

இரண்டாவது, புலனக் குழு. ‘நாளை வகுப்பு இரண்டரைக்கு’ என்று எழுத ஆசிரியருக்கு ஒரு நிமிடம், பலன் எல்லோருக்கும். அதனால்தான் பிழைத்தது. ஆனால் அதே குழுவில் “செய்யுளை வாசித்துக் குரல் பதிவு அனுப்புங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். 28 பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம், மொத்தம் 56 நிமிடம். லகர, ளகர, ழகரத்தைக் கவனித்துக் கேட்டால் சிலதை இரண்டு முறை கேட்க வேண்டும். ஒரே செயலி, ஒரே குழு. வேலையும் பலனும் மாறியதும் கதையே மாறிவிட்டது. ‘புலனம் நல்லதா கெட்டதா’ என்று கேட்பதில் பொருளில்லை என்பதற்கு இதுவே சான்று. இதற்கு ஒரு வழி உண்டு. மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு மூன்று சொற்களைத் திருத்தட்டும். ஆசிரியர் வாரத்துக்கு ஆறு பேர் பதிவை மட்டும் கேட்கலாம். கேட்டுத் திருத்தும் மாணவருக்கே காது பழகுவதால் வேலை செய்பவருக்கே பலனும் போகிறது.

மூன்றாவது, நால்வர் சேர்ந்து ஒரே ஆவணத்தில் கட்டுரை எழுதுவது. மடிக்கணினி யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளைதான் முழுவதும் அடிக்கும். மற்ற மூவர் பெயரைச் சேர்ப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. எஸ்பிஎம் தமிழ்த் தேர்வைக் கையால்தான் எழுத வேண்டும். செயலி சொல்லைப் பரிந்துரைத்தால் ‘ர’வா ‘ற’வா என்று மாணவர் யோசிக்க வேண்டியதே இல்லை, தேர்வு மண்டபத்தில் பரிந்துரைக்க யாரும் வர மாட்டார்கள். ஆகவே தாளில் எழுதி, படம் பிடித்துப் பகிர்ந்து, நண்பர் சிவப்பு மையில் திருத்துவதே நம் மாணவர்க்குப் பொருந்தும். பார்க்க ‘நவீனமாக’ இருக்காது. பரவாயில்லை.

குருடின் சொல்லாதது

இப்படிப் பார்த்தால் குருடினே போதும் என்று தோன்றும். போதாது. அவர் அலுவலகத்தை வைத்து எழுதினார். நம் வகுப்பறையில் அவர் கணக்குக்குள் அடங்காத இரண்டு செய்திகள் உண்டு.

ஒன்று, தமிழாசிரியரின் தியாகம். அலுவலக ஊழியர் தமக்குப் பலனில்லாத கருவியைச் சத்தமில்லாமல் கைவிடுவார். நாம் கைவிட மாட்டோம். “தமிழுக்காகச் செய்கிறோம்” என்று இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து செய்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? செத்திருக்க வேண்டிய கருவி ஓர் ஆசிரியரின் தூக்கத்தைத் தின்று உயிர் வாழ்கிறது. அறிக்கையில் அது வெற்றி. அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்த வாரமே தளம் காலி. கருவியில் இருந்த கோளாறு யாருக்கும் தெரியாமலே போகிறது; அடுத்த கருவியும் அதே கோளாறோடு வருகிறது. பல பள்ளிகளில் தமிழுக்கு ஒரே ஓர் ஆசிரியர்தான் என்பதை மறக்க வேண்டாம். அவர் களைத்துவிட்டால் அந்தப் பள்ளியில் தமிழே களைத்துவிடும்.

மற்றொன்று, கல்வியில் எல்லா வேலையும் சுமை ஆகாது. கட்டுரையை யோசித்து எழுதுவது வேலைதான். அந்த வேலையில்தான் கற்றல் நடக்கிறது. கடவுச்சொல் மீட்பதும், எழுத்துரு மாற்றுவதும், கோப்பின் அளவைக் குறைப்பதும் வேலைதான். அதில் தமிழ் எதுவும் இல்லை. முதலாவதைக் கற்கும் உழைப்பு என்றும், இரண்டாவதைக் கருவிக்கான உழைப்பு என்றும் பிரித்துக்கொள்வோம். நல்ல கருவி இரண்டாவதைக் குறைத்து முதலாவதை வளர்க்கும்.

இந்தப் பிரிவினையை 2022 இறுதியில் வந்த சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குப் பொருத்திப் பாருங்கள். மாணவர் ‘மரபுத்தொடர் சேர்த்துக் கட்டுரை எழுது’ என்று கேட்டு வாங்கினால், போவது கற்கும் உழைப்பு. ஆசிரியருக்கோ திருத்தும் வேலை அப்படியே இருக்கிறது. ‘இதை யார் எழுதியது’ என்று கண்டுபிடிக்கும் வேலை புதிதாகச் சேர்ந்துகொண்டது. அதே கருவியை ஆசிரியர், ஒரே கருத்து வெவ்வேறு தொனியில் உள்ள மூன்று பத்திகளைத் தயாரித்து, “இதில் எது இயல்பான தமிழ்? ஏன்?” என்று வகுப்பில் கேட்கப் பயன்படுத்தினால், தயாரிப்பு வேலை குறைகிறது, மாணவரின் யோசனை கூடுகிறது. மறுபடியும், கருவி ஒன்றுதான்.

சமூகக் கணிமையால் தமிழுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பலன் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மாணவர் எழுதும் தமிழ்க் கட்டுரைக்கு எத்தனை வாசகர்? ஒருவர், ஆசிரியர். அவரும் பிழை பார்க்கத்தான் வாசிக்கிறார். ஆங்கிலத்தில் எழுதினால் நண்பன் வாசிப்பான். தமிழில் எழுதினால் யார் வாசிப்பார் என்று பிள்ளைகள் கேட்பது சும்மா இல்லை. 15 பேர் உள்ள ஒரு பள்ளியும், 17 பேர் உள்ள இன்னொரு பள்ளியும் மாதம் ஒரு முறை கட்டுரைகளை மாற்றிக்கொண்டால், ஒவ்வொரு கட்டுரைக்கும் முகம் தெரியாத ஒரு வாசகர் கிடைப்பார். அதற்குத் தனித் தளம் தேவையில்லை. படங்களைப் பகிர ஓர் இடமும், இரண்டு ஆசிரியர்களும் போதும். தன் எழுத்தை யாரோ வாசித்துப் பதில் எழுதினார்கள் என்ற மகிழ்ச்சிக்காகப் பிள்ளை அடுத்த கட்டுரையை எழுதும்.

அடுத்த கருவி வரும்போது

பணித்திறன் பயிற்சியிலோ பாடக்குழுக் கூட்டத்திலோ புதிய கருவி ஒன்று முன்வைக்கப்பட்டால் கீழ்க்காணும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. இதனால் யாருக்குப் புதிய வேலை வருகிறது? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?
2. பலன் யாருக்கு? ஆசிரியருக்கா, மாணவருக்கா, அறிக்கைக்கா?
3. கூடும் வேலை கற்கும் உழைப்பா, கருவிக்கான உழைப்பா?
4. தமிழ் எழுத்து சரியாக வருகிறதா? திறன்பேசி மட்டும் உள்ள, திறன்பேசியே இல்லாத மாணவருக்கு என்ன வழி?
5. இதைச் செய்யும் ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் தொடர முடியுமா?

மூன்று கேள்விகளுக்காவது தெளிவான விடை கிடைக்காவிட்டால், ஒரே ஒரு வகுப்பில் ஒரு மாதம் மட்டும் செய்து பார்ப்போம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வது பின்தங்கல் ஆகாது. ரோஜர்ஸே சொன்ன வழிதான். பட்டயப் படிப்புக்கு ஆய்வு செய்பவர்களும், ‘ஏற்பு விழுக்காடு’ என்ற அட்டவணையோடு நிறுத்தாமல், நான்கு ஆசிரியர்கள் ஒரு வாரம் செலவிட்ட நேரத்தைக் குறித்துப் பாருங்கள். நூறு பேரிடம் வாங்கிய வினாநிரலில் கிடைக்காத செய்தி அதில் கிடைக்கும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

தம்பி தங்கைகளே, ‘கல்வியில் தொழில்நுட்பத்தின் பங்கு’ என்ற தலைப்பு உங்களுக்குப் பழக்கமானது. “இன்றைய நவீன யுகத்தில்” என்று தொடங்கி, நன்மை மூன்று, தீமை மூன்று என்று எழுதி முடிப்பது வழக்கம். திருத்துபவர் அதே கட்டுரையை அன்றைக்கு நாற்பதாவது முறையாக வாசிப்பார்.

மாற்றி எழுதிப் பாருங்கள். ‘இணையத்தால் மாணவர்கள் எளிதாகக் கற்கின்றனர்’ என்பது யாரும் எழுதக்கூடிய வாக்கியம். ‘நண்பனின் வாசிப்புப் பதிவைக் கேட்டுத் திருத்தும் மாணவன், தன் உச்சரிப்பையும் திருத்திக்கொள்கிறான்’ என்று எழுதினால் அதில் ஒரு கருவி இருக்கிறது, ஒரு செயல் இருக்கிறது, பலன் யாருக்கு என்பதும் இருக்கிறது. வாதக் கட்டுரையில் எதிர்த்தரப்பையும் இதே வழியில் கொண்டு வரலாம்: ‘ஒருவர் தட்டச்சு செய்ய மூவர் பெயர் சேர்க்கும் குழுப்பணியில், கற்பது ஒருவர் மட்டுமே.’ ஒவ்வொரு கருத்துக்கும் கருவி, வேலை செய்பவர், பலன் பெறுபவர், சான்று என்று நான்கு குறிப்பு எழுதிக்கொண்டால் பத்தி தானாக வளரும்.

இந்த வாரம் பயிற்சியாக, உங்கள் வகுப்பில் பயன்படும் ஒரு கருவியை எடுத்து இந்த நான்கு குறிப்புகளோடு இரண்டு பத்தி எழுதுங்கள். தாளில், கையால். எழுதி முடித்ததும் ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு நண்பரிடம் வாசிக்கக் கொடுங்கள்.